ஆனைமலைத் தேக்கும் 'பஞ்சாப்' போர்க்கப்பலும்

(வரலாற்று மன்றத்தார் எழுதியது)

"கடலே இல்லாத கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுத வந்துவிட்டார்களே!" என்று இம்மலரைப் புரட்டும் பெற்றோரும் தோழியரும் வியக்கக்கூடும். நாங்களும் முதலில் அப்படித்தான் வியந்தோம். எங்களைக் கப்பல்வரை இழுத்துச் சென்றது கடலன்று, ஒரு மலை.

எங்கள் வரலாற்று மன்றத்தார் பொள்ளாச்சி வழியாக ஆனைமலையிலுள்ள டாப்சிலிப்புக்குச் சுற்றுலா சென்றிருந்தோம். யானைகளையும் மயில்களையும் கண்டு மகிழ்ந்த பின், "இந்த ஊருக்கு ஏன் இப்படி ஓர் ஆங்கிலப் பெயர்?" என்று கேட்டோம். வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம் இது. 'உச்சிச் சறுக்கு' என்பதே அந்தப் பெயரின் பொருள் என்றார் உடன் வந்த வனக்காவலர். "அத்தனை மரமும் எங்கே போயிற்று?" என்று கேட்டாள் எங்களுள் ஒருத்தி. "கப்பல் கட்டப் போச்சும்மா" என்றார் அவர்.

திரும்பும்போது பேருந்தில் எங்கள் அருட்சகோதரி, "கப்பல் கட்டப் போயிற்று என்றால், எந்தக் கப்பல்? அது எங்கே போயிற்று? என்ன செய்தது? கண்டுபிடியுங்களேன்" என்றார். அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய விடையே இக்கட்டுரை. தேக்குமரத்தால் பம்பாயில் கட்டப்பட்ட ஒரு சக்கர நீராவிப் போர்க்கப்பலின் வாழ்க்கை வரலாறு இது. அக்கப்பலின் பெயர் 'பஞ்சாப்'.

மலையிலிருந்து கடலுக்கு

முதலில் மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக ஓக் மரத்தால் கப்பல் கட்டினார்கள். ஓக் மரத்தில் ஒருவகை அமிலம் உண்டு. அது இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கில் அந்தத் தொல்லை இல்லை. அதில் இயற்கையாகவே ஊறியிருக்கும் எண்ணெய் மரத்தை மட்டுமன்றி ஆணியையும் காக்கிறது. எங்கள் தோழி ஒருத்தியின் அப்புச்சி பொள்ளாச்சிப் பக்கம் மரவேலை செய்தவர். அவரிடம் கேட்டபோது, "நல்ல தேக்குன்னா கரையான் பக்கத்துல வராது கண்ணு. எங்க பாட்டன் வச்ச நிலவு இன்னும் அப்படியே நிக்குது" என்று தம் வீட்டு வாசற்காலைத் தட்டிக் காட்டினார். அந்த ஒலியிலேயே எங்களுக்குப் பாதிப் பாடம் புரிந்துவிட்டது.

இதற்குக் கண்கண்ட சான்று ஒன்று உண்டு. பம்பாயில் 1817ஆம் ஆண்டு மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட 'திருகோணமலை' என்னும் போர்க்கப்பல், இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் காட்சிக் கப்பலாக இன்றும் மிதந்து நிற்கிறது. இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் அதன் உடல் தளரவில்லை.

இத்தகைய மரத்தைத் தேடி மலபார்க் காடுகளை வெட்டியவர்கள், அங்கே மரம் குறையத் தொடங்கியதும் ஆனைமலைப் பக்கம் திரும்பினார்கள். 1848ஆம் ஆண்டு மைக்கேல் என்ற சென்னைப் படை அதிகாரி ஆனைமலைக் காடுகளின் பொறுப்பை ஏற்றார். பம்பாய்க் கப்பல்தளத்திற்கு மரம் அனுப்புவது அவருடைய முக்கிய வேலை.

பச்சைத் தேக்கு நீரில் மூழ்கிவிடும். ஆகவே நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் அதன் உள்வளையத்தையும் சுற்றிலும் வெட்டி, நின்றபடியே அதைக் காயவிடுவார்கள். மரம் நன்றாகக் காய்ந்த பிறகே வெட்டிச் சாய்ப்பார்கள். காட்டை உள்ளங்கை போல அறிந்திருந்த காடரும் மலசரும் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. யானைகள் மரங்களை இழுத்து வரும். சரிவில் அவை கீழே சறுக்கிவிடப்படும். பின்னர் வண்டியிலும் ஆற்றிலுமாக மேற்குக் கடற்கரையை அடையும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு கிழக்கே வருவதில்லை. பாலக்காட்டுப் பக்கம் திரும்பிப் பாரதப்புழையோடு கலந்து பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. நம் மலைக்கும் கடலுக்கும் உறவே இல்லை என்று நாம் எண்ணியிருந்தது எவ்வளவு தவறு!

'பஞ்சாப்' கப்பலின் பலகைகளில் எந்த மலையின் மரம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அக்கப்பல் உருவான ஆண்டுகளில் பம்பாய்க்கு மரம் தந்த காடுகளில் நம் ஆனைமலையும் ஒன்று. அந்த உறவோடுதான் அதன் கதையைப் படித்தோம்.

கட்டிய கைகள்

பம்பாய்க் கப்பல்தளத்தின் பெருமைக்குரியவர்கள் வாடியா குடும்பத்தினர். இவர்கள் பார்சிகள். 1736ஆம் ஆண்டு லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்ற தச்சர் சூரத்திலிருந்து பம்பாய்க்கு அழைத்து வரப்பட்டார். அன்று முதல் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தந்தைக்குப் பின் மகன், மாமனுக்குப் பின் மருமகன் என்று அக்குடும்பத்தாரே தலைமைக் கப்பல் தச்சர்களாக விளங்கினார்கள். இங்கிலாந்தின் அரச கடற்படையே தன் போர்க்கப்பல்களை இவர்களிடம் கட்டிவாங்கியது என்றால் அவர்களுடைய கைத்திறனை நாம் உணரலாம்.

அந்த மரபில் வந்த கர்செட்ஜி ருஸ்தம்ஜி வாடியா தலைமைத் தச்சராக இருந்தபோது, 1854ஆம் ஆண்டு இரண்டு பெரிய சக்கர நீராவிப் போர்க்கப்பல்கள் கடலில் இறங்கின. ஒன்று 'அசாயே', மற்றொன்று 'பஞ்சாப்'. 'பஞ்சாப்' சுமார் 250 அடி நீளமும் சுமார் 1,750 டன் கொள்ளளவும் உடையது. அதன் இயந்திரங்கள் 700 குதிரைத் திறன் கொண்டவை. பத்துப் பெரிய பீரங்கிகள் அதில் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் 'இந்தியக் கடற்படை'க்காக இவை கட்டப்பட்டன.

பெயர்களைக் கவனித்தீர்களா? அசாயே என்பது 1803ஆம் ஆண்டு மராத்தியர் ஆங்கிலேயரிடம் தோற்ற போர்க்களம். பஞ்சாப் என்பது 1849ஆம் ஆண்டு சீக்கியரிடமிருந்து கம்பெனி கைப்பற்றிய நாடு. இந்திய மரத்தால், இந்தியத் தச்சர்கள் கட்டிய கப்பல்களுக்கு, இந்தியர் தோற்ற இடங்களின் பெயர்கள்! இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை.

சக்கரம் சுழன்றது எப்படி?

நம் மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பல மடங்கு பெரிதாக்கி, வெளிவட்டம் முழுவதும் அகலமான பலகைகளைப் பொருத்துங்கள். அத்தகைய சக்கரம் ஒன்றைக் கப்பலின் இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் மாட்டி, இரண்டையும் ஓர் இரும்பு அச்சால் இணையுங்கள். கப்பலின் வயிற்றில் கொதிகலன் இருக்கிறது. நிலக்கரி எரிய, நீர் ஆவியாகி, அந்த ஆவி உருளைக்குள் உள்ள தண்டைத் தள்ளுகிறது. தண்டின் அசைவு அச்சைத் திருப்ப, சக்கரங்கள் சுழல்கின்றன. நீருக்குள் மூழ்கும் பலகைகள் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ள, கப்பல் முன்னுக்குப் போகிறது. துடுப்புப் போடுவதும் இதே தத்துவந்தான். கைகளுக்குப் பதில் ஆவி, அவ்வளவே.

காற்றை நம்பியே கடலோடிய உலகிற்கு இது பெரிய விடுதலை. எதிர்க்காற்றிலும், காற்றே இல்லாத நாளிலும் கப்பல் செல்லலாம். போர் செய்வோர் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். 1823ஆம் ஆண்டு கல்கத்தாவில் கட்டப்பட்ட 'டயானா' என்ற சிறு சக்கரக் கப்பல், 1824ஆம் ஆண்டு தொடங்கிய முதல் பர்மியப் போரில் ஐராவதி ஆற்றில் சென்றது. போரில் ஈடுபட்ட முதல் நீராவிக் கப்பல்களில் ஒன்றாக அதை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் பலர் அந்தப் போருக்கு அனுப்பப்பட்டனர்.

ஆனால் ஆவிக்குத் தீராப் பசி உண்டு. பம்பாயில் கட்டப்பட்ட 'ஹியூ லிண்ட்சே' என்ற சக்கரக் கப்பல் 1830ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் சூயஸ் நோக்கிப் புறப்பட்டது. அது ஐந்தரை நாளுக்கு வேண்டிய நிலக்கரியைச் சுமக்கவே அமைக்கப்பட்டது. ஏடனுக்கோ பதினொரு நாள் பயணம். அறைகளிலெல்லாம் கரியை அடைத்துக்கொண்டு சென்றும், ஏடனை அடைந்தபோது அதில் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை! இதனால்தான் 'பஞ்சாப்' போன்ற கப்பல்களில் சக்கரங்களோடு பாய்மரங்களும் இருந்தன. காற்று வீசும்போது பாயை விரித்துக் கரியைச் சேமிப்பார்கள்.

சக்கரத்திற்கு வேறு குறைகளும் உண்டு. பகைவரின் ஒரு குண்டு பட்டாலே சக்கரம் நொறுங்கிவிடும். பக்கவாட்டில் பீரங்கிகளுக்குரிய இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். அலையில் கப்பல் சாய்ந்தால் ஒரு சக்கரம் நீருக்குள் ஆழ்ந்துபோகும், மற்றொன்று வெறுங்காற்றில் சுழலும். இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டு ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. 'அலெக்டோ' என்ற சக்கரக் கப்பலையும், பின்புறம் நீருக்கடியில் திருகு விசிறி பொருத்திய 'ராட்லர்' என்ற கப்பலையும் முதுகோடு முதுகாகக் கட்டி இழுக்க விட்டார்கள். நம் விளையாட்டு விழாவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டி போலத்தான். திருகு விசிறிக் கப்பல், சக்கரக் கப்பலைப் பின்னோக்கி இழுத்துச் சென்றுவிட்டது! அதன்பின் ஒன்பது ஆண்டுகள் கழித்தே 'பஞ்சாப்' கடலில் இறங்கியது. பிறக்கும்போதே அதன் சக்கரங்களுக்கு வயதாகிவிட்டிருந்தது.

பீரங்கி பேசிய நாட்கள்

1856ஆம் ஆண்டு பாரசீகம் ஹெராத் நகரைப் பிடித்ததால் ஆங்கிலேயர் பாரசீகத்தின்மீது போர் தொடுத்தனர். பம்பாயிலிருந்து பாரசீக வளைகுடாவுக்குச் சென்ற படையில் 'பஞ்சாப்' கப்பலும் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் புஷேர் துறைமுகம் பணிந்தது.

இந்தப் போரில் ஒரு செய்தி எங்கள் நெஞ்சைத் தைத்தது. 1857ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் பாரிஸ் நகரில் இரு நாட்டாரும் சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். ஆனால் வளைகுடாவுக்குத் தந்திக் கம்பி கிடையாது. செய்தி வந்து சேரவில்லை. மார்ச் 26ஆம் நாள், அதாவது சமாதானம் ஆகி 22 நாட்கள் கழித்து, ஆங்கிலேயரின் கப்பல்கள் முகம்மரா நகரின்மீது குண்டு பொழிந்தன. இன்று அந்நகரின் பெயர் கொர்ரம்ஷகர். அங்கே மாண்டவர்கள், முடிந்துபோன ஒரு போருக்காக மாண்டார்கள். ஒரு செய்தி உரிய நேரத்தில் சேராததால் எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளை இழந்தார்கள்!

அதே 1857ஆம் ஆண்டு இந்தியாவில் சிப்பாய்களின் புரட்சி வெடித்தது. கடற்படைக் கப்பல்கள் படைகளை ஏற்றி வங்காளத்திற்கு விரைந்தன. கப்பல் மாலுமிகளே கரையிறக்கப்பட்டு, தரைப்படை போலப் பயன்படுத்தப்பட்டனர். நவம்பர் 22ஆம் நாள், இன்று வங்கதேசத்தின் தலைநகராக உள்ள டாக்காவில், 73ஆம் வங்காளக் காலாட்படையின் சிப்பாய்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க, 'பஞ்சாப்' கப்பலின் மாலுமிகள் உள்ளிட்ட கடற்படையினர் அனுப்பப்பட்டார்கள். அந்தச் சிப்பாய்கள் அதுவரை கலகம் எதுவும் செய்திருக்கவில்லை. லால்பாக் கோட்டையில் அவர்கள் எதிர்த்து நின்றபோது சண்டை மூண்டது, பலர் மாண்டனர்.

அந்தச் சண்டையில் ஒரு பீரங்கியை நோக்கி முதலாவதாகப் பாய்ந்து ஓடிய ஆர்தர் மேயோ என்ற கடற்படை இளைஞருக்கு விக்டோரியா சிலுவை என்ற உயரிய வீரப்பதக்கம் கிடைத்தது. அவருக்கு வயது 17. எங்கள் பள்ளி அக்காமார்களின் வயதுதான்! பிற்காலத்தில் அவர் போர்த்தொழிலை விட்டுச் சமயக் கல்வி கற்று, கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அவருடைய துணிவை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோட்டைக்குள் விழுந்தவர்களுக்குப் பதக்கம் இல்லை. நாங்கள் படித்த நூல்களில் அவர்களுடைய பெயர்கள்கூட இல்லை. மரத்தை வெட்டிய காடரின் பெயரும் இல்லை, பலகையை இழைத்த தச்சரின் பெயரும் இல்லை. வரலாற்றைப் படிக்கும்போது எழுதியிருப்பதை மட்டுமன்றி, எழுதாமல் விட்டவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதை இந்தக் கப்பல் எங்களுக்குக் கற்பித்தது.

சக்கரம் கழன்றது, கப்பல் பிழைத்தது

1858ஆம் ஆண்டு கம்பெனி ஆட்சி முடிந்து, இந்தியா இங்கிலாந்து அரசியின் ஆட்சிக்குள் வந்தது. 1863ஆம் ஆண்டு இந்தியக் கடற்படை கலைக்கப்பட்டது. 'பஞ்சாப்', 'அசாயே' இரண்டும் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. பழைய சக்கரக் கப்பலை யார் வாங்குவார்கள்?

ஜான் வில்லிஸ் என்ற லண்டன் கப்பல் முதலாளி வாங்கினார். அவர் பார்த்தது சக்கரத்தையன்று, உடலை. இரண்டையும் வாங்கி, 'அசாயே' கப்பலை மறுபடி விற்றார். 'பஞ்சாப்' கப்பலிலிருந்து இயந்திரங்களையும் சக்கரங்களையும் கழற்றிவிட்டு, அதை முழுப் பாய்மரக் கப்பலாக மாற்றினார். ஸ்காட்லாந்து எல்லையில் ஓடும் ஒரு நதியின் பெயரால் 'ட்வீட்' என்று பெயரிட்டார்.

உலகமே பாயிலிருந்து ஆவிக்கு மாறிக்கொண்டிருந்தபோது, இந்தக் கப்பல் மட்டும் ஆவியிலிருந்து பாய்க்கு மாறியது! மாறியதும் அதன் உண்மையான வேகம் வெளிப்பட்டது. வில்லியம் ஸ்டூவர்ட் என்ற தலைவரின் கீழ் அது புகழ்பெற்ற வேகக் கப்பல் ஆயிற்று. ஸ்டூவர்ட் பின்னர் 'லாக் எட்டிவ்' என்ற இரும்புக் கப்பலுக்குத் தலைவரானார். அக்கப்பலில் அவரிடம் பணிபுரிந்த ஓர் இளைஞர்தான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளரான ஜோசப் கான்ராட். தம் கடல் நினைவு நூலில் அவர் 'ட்வீட்' கப்பலின் வேகத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

சரி, 'ட்வீட்' ஆனபின் அது சுமந்த முதல் சரக்கு எது தெரியுமா? தந்தி வடம்! 1863ஆம் ஆண்டின் இறுதியில், பாரசீக வளைகுடாவின் அடியில் இடுவதற்கான தந்தி வடத்தை ஏற்றிக்கொண்டு ஐந்து கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டன. 'ட்வீட்', 'அசாயே' இரண்டும் அவற்றுள் இருந்தன. 1864ஆம் ஆண்டு, நீராவிக் கப்பல்கள் இந்தப் பாய்மரக் கப்பல்களை இழுத்துச் செல்ல, வடம் கடலடியில் இறங்கியது. அது சென்ற வழியில் புஷேர் நகரும் ஒரு நிலையம். ஆம், எட்டாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரின் பீரங்கிகள் பணியவைத்த அதே புஷேர்!

செய்தி எட்டாததால் வீண் போர் நடந்த அதே வளைகுடாவுக்கு, செய்தி எட்டும் வழியை அமைக்க அதே கப்பல் போயிற்று. ஆட்சியாளர்கள் தங்கள் வசதிக்காகவே இந்தக் கம்பியை இட்டார்கள் என்பது உண்மை. ஆயினும் ஒரே மரம், ஒரே உடல், ஒரே கடல். முன்பு ஏற்றியது குண்டு, பின்பு ஏற்றியது செய்தி. இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் அருட்சகோதரி, "கப்பல் மாறவில்லை பிள்ளைகளே, அதில் எதை ஏற்றினார்கள் என்பதுதான் மாறியது" என்றார். எங்கள் கட்டுரையின் பொருளே அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

இன்னொரு பெருமையும் உண்டு. வில்லிஸ் 1869ஆம் ஆண்டு ஒரு புதிய தேயிலைக் கப்பலைக் கட்டுவித்தார். ஹெர்குலிஸ் லிண்டன் என்பவர் அதை வடிவமைத்தபோது, 'ட்வீட்' கப்பலின் முகப்பு வடிவமே அவருக்கு வழிகாட்டியாக இருந்தது என்பர். 'ட்வீட்' கப்பலில் பணியாற்றிய ஜார்ஜ் மூடி என்பவரே புதிய கப்பலின் முதல் தலைவர். அதுதான் 'கட்டி சார்க்'. லண்டன் கிரீனிச்சில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் கண்டு வியக்கும் கப்பல். பம்பாய்த் தச்சுக்கூடத்தில் பிறந்த ஓர் அழகின் சாயலை அவர்கள் காண்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!

கடைசிப் பயணம்

1888ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கக் கடலில் புயலில் சிக்கி 'ட்வீட்' தன் பாய்மரங்களை இழந்தது. அல்கோவா விரிகுடாவுக்கு இழுத்து வரப்பட்ட அதைச் சீர்செய்யாமல் உடைத்துவிட்டார்கள். நம் கோயம்புத்தூரில் முதல் பஞ்சாலை தோன்றியதும் அதே 1888ஆம் ஆண்டில்தான் என்று சொன்னால், காலம் உங்கள் கண்முன் வரும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானையும் அப்படித்தான். 34 ஆண்டுகள் கடல்நீரில் ஊறிய அதன் தேக்குமரங்கள் அப்போதும் வீணாகவில்லை. போர்ட் எலிசபெத் நகரில் ஒரு தேவாலயக் கூடத்திற்கு அவை கூரையாகப் போடப்பட்டன என்று கப்பல் வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். வாள் கலப்பையாக மாறும் நாளைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். போர்க்கப்பல் ஒரு கூரையாக மாறியதை இங்கே படித்தோம்.

மரத்தின் கணக்கு

கதை இத்துடன் முடிந்துவிட்டால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் நாங்கள் தொடங்கிய இடம் மலை. மலையின் கணக்கையும் பார்க்க வேண்டும் அல்லவா?

டாப்சிலிப்புக்கு அப்பால், கேரளத்தின் பரம்பிக்குளத்தில், 'கன்னிமாரா தேக்கு' என்ற மாமரம் ஒன்று நிற்கிறது. அதன் வயது சுமார் 450 ஆண்டுகள் என மதிப்பிடுகிறார்கள். முன்னொரு காலத்தில் அதை வெட்டக் கோடரி வீசியபோது இரத்தம் பீறிட்டதாகவும், அஞ்சி விட்டுவிட்டதாகவும் மக்கள் ஒரு கதை சொல்வார்கள். அது போன்ற மரங்கள் எத்தனையோ நம் மலையில் நின்றிருக்கும். கதை சொல்லிக் காப்பாற்ற ஆளில்லாத மரங்கள் கப்பலாகவும், பின்னர் ரயில் பாதையின் அடிக்கட்டையாகவும் போயின. ஒரு பெரிய தேக்கு வளர நூறாண்டுகளுக்கு மேல் ஆகும். 'பஞ்சாப்' கப்பலோ போர்க்கப்பலாக இருந்தது ஒன்பதே ஆண்டுகள்!

வெட்டியவர்களே ஒருநாள் விழித்துக்கொண்டார்கள். மலபார் மாவட்ட ஆட்சியராக இருந்த கானலி, கப்பலுக்கு மரம் கிடைக்காமல் போய்விடுமே என்று கவலைப்பட்டு, 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடச் செய்தார். முன்னின்று நட்டு வளர்த்தவர் சாத்து மேனன். நம் ஆனைமலைக்கு அந்த நற்பேறு பிந்தியே வாய்த்தது. 1915ஆம் ஆண்டை ஒட்டி இங்கே வன அதிகாரியாக வந்த ஹியூகோ வுட், எஞ்சிய காட்டை வெட்டவிடாமல், அடிக்கட்டைகள் மீண்டும் தளிர்க்க வழிசெய்தார்; புதிய விதைகளும் ஊன்றினார். கைத்தடியால் நிலத்தில் குழியிட்டு, சட்டைப்பையில் உள்ள தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1933ஆம் ஆண்டு அவர் இறந்தார். அவருடைய கல்லறை டாப்சிலிப்பில், அவர் வளர்த்த மரங்களின் நடுவிலேயே இருக்கிறது. தம் நினைவுச்சின்னத்தைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற கருத்து அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நாங்களும் சுற்றிலும் பார்த்தோம். நெட்டையாய் நிமிர்ந்து நின்ற தேக்குகளுக்கு இடையே வெயில் தூண் தூணாக இறங்கிக்கொண்டிருந்தது.

அன்புத் தோழியரே! நாங்கள் ஒரு கப்பலைத் தேடிப் போனோம். காட்டை வெட்டியவர்களையும், அதை மீண்டும் நட்டவர்களையும், பெயரில்லாமல் உழைத்தவர்களையும், பெயரில்லாமல் மாண்டவர்களையும் கண்டு திரும்பினோம். ஒரே தேக்கு பீரங்கியையும் தாங்கியது, தந்தி வடத்தையும் சுமந்தது, ஒரு கூரையாகவும் நின்றது. மரம் தானாக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுப்பவர்கள் மனிதர்களே. படிப்பும் திறமையும் நமக்கும் நல்ல மரம் போலத்தான் கிடைத்திருக்கின்றன. அவற்றில் எதை ஏற்றப் போகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்த முறை டாப்சிலிப் செல்லும்போது, ஒரு நிமிடம் நின்று அந்தச் சரிவைப் பாருங்கள். அங்கிருந்து சறுக்கிப் போன மரங்கள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் நாங்கள் சென்றிருந்தபோது காலடியில் தேக்கு விதைகள் நிறையக் கிடந்தன.